இரும்பிடமிருந்து மணிச்சத்து: செம்மண்ணில் துவரை செய்யும் வேலை

மானாவாரிச் செம்மண்ணில் சோளமும் துவரையும் அடுத்தடுத்த வரிசைகளில் நிற்கின்றன. உரம் எதுவும் இடவில்லை. சோளத்தின் அடியிலைகளில் ஊதா நிறம் படர்ந்து, செடி குன்றிப்போய் நிற்கிறது. மணிச்சத்துப் (பாஸ்பரஸ்) பற்றாக்குறை என்று பார்த்ததுமே சொல்லிவிடலாம். அதே மண்ணில், அதே மழையில், துவரை முதல் மாதம் மந்தமாக இருந்துவிட்டுப் பிறகு நிமிர்ந்து வளர்கிறது. பூக்கிறது, காய்க்கிறது. மண் பரிசோதனைக்கூடம் இரண்டு வரிசைக்கும் ஒரே முடிவைத்தான் தரும்: மணிச்சத்து குறைவு.

இந்த முரண்பாட்டை 1980களில் முறையாக ஆராய்ந்து, 1990இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டவர்கள் நோரிஹாரு ஏ, அரிஹாரா, ஒகாடா, யோஷிஹாரா, ஜோஹான்சன் ஆகிய ஐவர். ஆய்வு நடந்த இடம் ஹைதராபாத்தை அடுத்த படான்செருவில் உள்ள இக்ரிசாட் வளாகம். பயறுவகைச் செடிகள் சத்துப் பஞ்சத்தை எப்படிச் சமாளிக்கின்றன என்று யாராவது கேட்டால், நான் முதலில் எடுத்துக்காட்டுவது இந்த நிகழ்வைத்தான். நம் சாம்பாருக்குப் பருப்பு தரும் செடி, நம் நாட்டு மண், அதில் கிடைத்த உலகத்தரமான கண்டுபிடிப்பு. இருந்தும் தமிழில் இதைப் பற்றி விரிவாக எழுதப்பட்டதை நான் அதிகம் பார்த்ததில்லை.

இரண்டு மண், ஒரே வளாகம்

வறண்ட வெப்பமண்டலப் பயிர்களுக்கான பன்னாட்டு ஆய்வு நிறுவனமாக 1972இல் இக்ரிசாட் தொடங்கப்பட்டது. சோளம், கம்பு, கொண்டைக்கடலை, துவரை, நிலக்கடலை ஆகியவை அதன் முதன்மைப் பயிர்கள். படான்செருவுக்கு ஒரு தனி வசதி உண்டு. தக்காணத்து மானாவாரி விவசாயத்தின் இரு பெரும் மண்வகைகளான செம்மண்ணும் கரிசலும் அங்கே ஒரே வேலிக்குள் இருக்கின்றன. மழையும் வெயிலும் ஒன்றாக இருக்க, மண் மட்டும் மாறும்போது பயிர் என்ன செய்கிறது என்று பார்க்க இதைவிட ஏற்ற இடம் கிடைப்பது அரிது.

இரண்டு மண்ணிலும் மணிச்சத்து இருக்கிறது. அது யாருடன் சேர்ந்திருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. கரிசல் காரத்தன்மை உடையது, சுண்ணாம்பு மிகுந்தது. அதில் மணிச்சத்தின் கணிசமான பகுதி கால்சியத்துடன் சேர்ந்து நிற்கும். செம்மண்ணின் சிவப்புக்குக் காரணம் இரும்பு ஆக்சைடுகள். அங்கே மணிச்சத்து பெரும்பாலும் இரும்போடு பிணைந்துவிடுகிறது. கால்சியப் பிணைப்பு ஓரளவு இளகக்கூடியது, வேரைச் சுற்றிச் சற்று அமிலம் சேர்ந்தாலே கரையத் தொடங்கும். இரும்புப் பிணைப்பு அப்படி விட்டுக்கொடுக்காது.

மண்ணில் மொத்தம் எவ்வளவு, வேருக்கு எட்டுவது எவ்வளவு என்பதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஒரு ஹெக்டேரில் மேல் 15 சென்டிமீட்டர் மண் ஏறத்தாழ 22 லட்சம் கிலோ எடை இருக்கும். ஒரு கிலோ மண்ணில் மொத்தம் 150 மில்லிகிராம் பாஸ்பரஸ் என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும் ஹெக்டேருக்கு 330 கிலோ வருகிறது. அதே மண்ணில் பரிசோதனைக்கூடம் 'கிடைக்கக்கூடியது' என்று கிலோவுக்கு 3 மில்லிகிராம் காட்டினால், அது 6.6 கிலோதான். மிச்சமெல்லாம் கண்ணெதிரே இருந்தும் பெரும்பாலான பயிர்களுக்குப் பயன்படாமல் கிடக்கிறது.

துவரைக்கு ஏன் இந்தப் பாடு

பயறுவகைச் செடிகள் தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, காற்றிலிருந்து எடுத்துக்கொள்கின்றன என்பது பள்ளிப் பாடம். துவரைச் செடி ஒன்றை ஈரமான மண்ணோடு பெயர்த்து, வேரைத் தண்ணீரில் மெதுவாக அலசினால் அந்த வேலை நடக்கும் முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறிப் பார்த்தால், வேலை செய்யும் முடிச்சு உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். லெக்ஹீமோகுளோபின் என்ற புரதம் தரும் நிறம் அது. நம் ரத்தத்தின் சிவப்புக்கு நெருங்கிய உறவு, அதற்கும் இரும்பு தேவை. முடிச்சு பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அது ஓய்ந்துவிட்டது என்று பொருள்.

பள்ளிப் பாடம் சொல்லாமல் விடும் பகுதி, இதற்காகும் செலவு. காற்றிலுள்ள ஒரு நைட்ரஜன் மூலக்கூறை அம்மோனியாவாக்கக் செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறுகள் குறைந்தது 16 செலவாகின்றன. ஏடிபி ஒவ்வொன்றிலும் பாஸ்பேட், அதாவது மணிச்சத்து, இருக்கிறது. ஆகவே முடிச்சு மணிச்சத்தை வாங்கிக் குவிக்கும் உறுப்பு. தழைச்சத்துப் பஞ்சத்துக்குச் செடி கண்டுபிடித்த தீர்வே மணிச்சத்துத் தேவையை ஏற்றிவிடுகிறது. மணிச்சத்து கிடைக்காத பயறுச் செடி முடிச்சுகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும், கடைசியில் தழைச்சத்துக்கும் ஏங்கி வெளுக்கும். பயறுவகைகள் மணிச்சத்தைத் தேடுவதில் இத்தனை வழிகளை வளர்த்துக்கொண்டதற்கு இந்த இரட்டை நெருக்கடியும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

தேடல் எளிதும் அல்ல. நைட்ரேட் தண்ணீரோடு வேரை நோக்கி ஓடிவரும். பாஸ்பேட் வராது. மண் துகளில் ஒட்டிக்கொண்டு மிக மெதுவாகவே நகரும். வேரைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் தூரத்துக்குள் இருப்பது தீர்ந்துவிட்டால், அடுத்தது வந்து சேரப் பயிரின் ஆயுள் போதாது. எனவே செடிக்கு இரண்டே வழிதான். வேரையோ வேரோடு கூடிய பூஞ்சை இழையையோ புதிய மண்ணுக்குள் செலுத்த வேண்டும். அல்லது இருக்கும் இடத்திலேயே, கரையாததைக் கரைக்க வேண்டும்.

சந்தேகங்கள் ஒவ்வொன்றாக விலகிய விதம்

படான்செரு நிலங்களில் முதலில் கண்ணில் பட்டது உரத்துக்குப் பயிர்கள் காட்டிய வேறுபாடு. செம்மண்ணில் சூப்பர் பாஸ்பேட் இட்டால் சோளம் துள்ளி வளரும். துவரையிடம் அந்தத் துள்ளல் இல்லை. உரம் இடாவிட்டாலும் அது பெரிதாகச் சோர்ந்துவிடவில்லை. அப்படியானால் துவரை வேறு எங்கிருந்தோ எடுக்கிறது.

ஆழமான வேர் என்பது யாருக்கும் முதலில் தோன்றும் பதில். துவரையின் ஆணிவேர் ஒன்றரை, இரண்டு மீட்டர் இறங்கக்கூடியதுதான். இந்த ஐயத்தைத் தீர்க்கத் தொட்டிச் சோதனை போதும். தொட்டிக்குள் எல்லாப் பயிருக்கும் ஒரே அளவு மண், ஆழத்தில் போய் எடுக்க எதுவும் இல்லை. சோளம், கம்பு, மக்காச்சோளம், சோயா, துவரை ஆகியவற்றை மணிச்சத்து இடாத செம்மண்ணிலும் கரிசலிலும் வளர்த்துப் பார்த்தார்கள். மற்றப் பயிர்கள் கரிசலில் தேறின, செம்மண்ணில் தடுமாறின. துவரை மட்டும் இதைத் தலைகீழாகச் செய்தது. கரிசலில் எடுத்ததைவிடச் செம்மண்ணில் அதிக மணிச்சத்தை எடுத்தது. பல பயிர்களை ஒரே வரிசையில் வைத்துப் பார்த்த பிறகு இப்படி ஒன்று மட்டும் எதிர்த்திசையில் போகிறது என்றால், அங்கே தனியான ஒரு வழிமுறை இருந்தாக வேண்டும்.

அடுத்த சந்தேகம் வேர்ப் பூஞ்சை, அதாவது மைக்கோரைசா. பூஞ்சையின் உதவி துவரைக்கு உண்டு, பெரிய உதவிதான். ஆனால் சோளத்தின் வேரிலும் அதே வகைப் பூஞ்சை குடியிருக்கிறது. இருவருக்கும் பொதுவான துணையைக் காட்டி ஒருவரின் தனித்திறமையை விளக்க முடியாது.

பிறகு மண்ணையே ஒதுக்கிவிட்டு மணலுக்குப் போனார்கள். மணிச்சத்தைக் கால்சியம் பாஸ்பேட்டாக, அலுமினியம் பாஸ்பேட்டாக, இரும்பு பாஸ்பேட்டாகத் தனித்தனியே கொடுத்துப் பயிர்களை வளர்த்தார்கள். இங்கேதான் விடை தெளிந்தது. இரும்பு பாஸ்பேட்டை மற்றப் பயிர்களைவிடத் துவரை நன்றாகப் பயன்படுத்தியது. இந்தச் சோதனையின் எளிமை எனக்கு மிகவும் பிடிக்கும். விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், கேள்வியைச் சரியாகக் கேட்டதாலேயே பதில் வந்துவிட்டது.

மிச்சம் இருந்தது, வேர் எதைக் கொண்டு கரைக்கிறது என்பது. துவரை வேர்கள் கசியும் பொருள்களைச் சேகரித்துப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியும் இரும்பு பாஸ்பேட்டைக் கரைக்கிறதா என்று பார்த்தார்கள். அமிலப் பகுதிக்கு அந்த ஆற்றல் இருந்தது. சிட்ரிக் அமிலம் போன்ற பழக்கமான அமிலங்கள் பிற பயிர்களின் வேர்க்கசிவிலும் உண்டு என்பதால் அவற்றை மட்டும் வைத்துத் துவரையின் தனித்தன்மையை விளக்க முடியவில்லை. தேடியதில் சிக்கியது பிசிடிக் அமிலமும் அதன் மெத்தில் வழிப்பொருளும். ஜமைக்காவில் மீன்களை மயக்கிப் பிடிக்கப் பயன்படுத்திய ஒரு மரத்திலிருந்து முன்பே அறியப்பட்டிருந்த அமிலம் அது. அந்த மரமும் பயறுக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

பிசிடிக் அமிலத்தின் வடிவத்தைப் பார்த்தால், அது டார்டாரிக் அமிலத்தின் மேல் ஒரு ஹைட்ராக்சிபென்சைல் தொகுதி ஒட்டிய உரு. டார்டாரிக் அமிலம் நமக்கு அந்நியம் அல்ல, புளியின் புளிப்பே அதுதான். களிம்பேறிய பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆவதைப் போன்ற வேலையைத்தான் துவரை வேர் மண்ணுக்குள் செய்கிறது. அமிலத்தின் கார்பாக்சில், ஹைட்ராக்சில் தொகுதிகள் இரும்பைக் கவ்விக்கொள்கின்றன. இரும்பைப் பறிகொடுத்த பாஸ்பேட் கரைசலுக்கு வருகிறது, வேர் அதை உறிஞ்சிக்கொள்கிறது.

உறவுக்காரர்கள் எடுத்த வேறு வழிகள்

எல்லாப் பயறுவகையும் இதையே செய்யும் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரே குடும்பத்துக்குள் இத்தனை வகையா என்று வியக்கும்படி வேறுபாடுகள் இருக்கின்றன.

கொண்டைக்கடலை கரிசலின் பயிர். அதன் வேர் சிட்ரிக் அமிலத்தைத் தாராளமாகக் கசிந்து கால்சியத்தோடு சேர்ந்த மணிச்சத்தைக் கரைக்கிறது. அமிலம் அந்தச் செடிக்கு வேரோடு நிற்பதில்லை. விடியற்காலையில் கடலை வயலில் இலையைத் தொட்டு நாக்கில் வைத்தால் புளிக்கும். அங்கே மாலிக் அமிலம், வேலையும் வேறு.

ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பயிராகும் வெள்ளை லூப்பின் இந்தக் கலையின் உச்சம். மணிச்சத்து குறைந்தால் அதன் வேரில் புட்டி கழுவும் தூரிகையின் வடிவில் குட்டி வேர்கள் கொத்துக் கொத்தாக முளைக்கும். ஒவ்வொரு கொத்தும் சில நாள்களுக்குச் சிட்ரிக் அமிலத்தைப் பீய்ச்சிவிட்டு ஓய்ந்துவிடும். 1989இல் ஜெர்மனியில் டிங்கலாக்கர், ரோம்ஹெல்ட், மார்ஷ்னர் ஆகியோர் சுண்ணாம்பு மண்ணில் அளந்தபோது, வெளியேற்றிய சிட்ரிக் அமிலம் செடியின் உலர் எடையில் 23 விழுக்காட்டுக்குச் சமமாக இருந்தது. தான் உழைத்துச் சேர்த்த கரிமத்தில் இவ்வளவு பெரிய பங்கை மண்ணுக்குள் விடுகிறது என்றால், அந்தச் செடிக்கு மணிச்சத்து எவ்வளவு அரிது என்று புரியும்.

நிலக்கடலை என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. அதன் வேரில் வழக்கமான வேர்த்தூவிகள் குறைவு, அமிலக் கசிவிலும் அது முன்னணியில் இல்லை. ஆனாலும் மெலிந்த செம்மண்ணில் சமாளிக்கிறது. நோரிஹாரு ஏ அவர்களும் சக ஆய்வாளர் ஓட்டானியும் 1990களில் இதற்கு முன்வைத்த விளக்கம், வேரின் புறத்தோல் செல்சுவரே இரும்பைப் பிடித்துக்கொள்ளும் இடங்களைக் கொண்டிருக்கிறது என்பது. இரும்பு பாஸ்பேட் துகளை வேர் நேரடியாகத் தொடும் இடத்தில் கரைப்பு நடக்கிறது. எதையும் வெளியே அனுப்பிச் செலவழிக்காத, சிக்கனமான வழி.

அழைப்பு விடுக்கும் வழியும் உண்டு. மணிச்சத்து குறையும்போது பல பயறுச் செடிகளின் வேர் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளைக் கூடுதலாகக் கசிகிறது. மைக்கோரைசா இழைகளைக் கிளைக்கச் செய்யும் சமிக்ஞை அது என்பதை 2005இல் அகியாமா குழுவினர் லோட்டஸ் ஜப்போனிகஸ் என்ற சிறு பயறுச் செடியைக் கொண்டுதான் கண்டறிந்தார்கள். இதில் ஆபத்தும் இருக்கிறது. அதே வாசனையைப் பிடித்துக்கொண்டு சுடுமல்லி, ஓரோபாங்கி போன்ற வேர் ஒட்டுண்ணிகளின் விதைகளும் முளைத்துவிடும்.

பிற்காலம் சேர்த்த திருத்தங்கள்

1990 கட்டுரையோடு விஷயம் முடிந்துவிடவில்லை. ஓட்டானியும் மற்றவர்களும் பின்னர் துவரை வேர்க்கசிவில் மலோனிக் அமிலத்தையும் கண்டார்கள். பிசிடிக் அமிலம் மட்டுமே எல்லாவற்றுக்கும் காரணம் என்ற பேச்சு அதோடு தளர்ந்தது. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் இந்த அமிலங்களை விரைவாகத் தின்றுவிடுகின்றன, மண் துகள்களும் அவற்றை ஒட்டவைத்துக்கொள்கின்றன. சுத்தமான மணலில் அளந்த அமில அளவை வயலுக்கு அப்படியே பொருத்த முடியாது. ரகத்துக்கு ரகம் வேறுபாடும் இருக்கிறது.

இவை கண்டுபிடிப்பின் மதிப்பைக் குறைப்பதாக நான் கருதவில்லை. மணிச்சத்து எடுப்பில் மண்ணுக்கு மண் துவரை தலைகீழாக நடந்துகொண்டதும், இரும்பு பாஸ்பேட்டைப் பயன்படுத்தியதும் சோதனையில் நேரே பார்த்தவை. எந்த அமிலத்துக்கு எத்தனை பங்கு என்பது அதற்கு அடுத்த கேள்வி.

என்னைப் பொறுத்தவரை இந்த ஆய்வின் பெரிய பயன் வேறு. 'கிடைக்கக்கூடிய மணிச்சத்து' என்று நாம் எழுதும் எண் மண்ணுக்கு மட்டும் உரியது அல்ல என்பதை இது காட்டிவிட்டது. நடுநிலை, கார மண்ணுக்கு வழக்கமாகப் பயன்படும் ஓல்சன் முறையில் மண்ணைச் சோடியம் பைகார்பனேட் கரைசலில் குலுக்கி, கரைந்து வருவதை அளக்கிறார்கள். அந்தக் கரைசலுக்கு எது இணங்குகிறதோ அதுவே கணக்கில் ஏறும். சோள வேருக்கு அது ஓரளவு பொருந்துகிறது. துவரை வேருக்குப் பொருந்தவில்லை. ஏன், சோளத்துக்கே கூட மண் மாறினால் எண்ணின் பொருள் மாறுகிறது. படான்செரு சோதனைகளில் சோளம் நல்ல விளைச்சலை எட்டக் கரிசலில் ஓல்சன் அளவு கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாக இருந்தாலே போதுமானதாக இருந்தது. செம்மண்ணில் 5 தேவைப்பட்டது. 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் எண்ணைக் கையில் கொடுத்துவிட்டது, நல்லதுதான். எந்த வேர் கேட்கிறது என்ற கேள்வியையும் சேர்த்துக் கொடுத்தால்தான் அந்த எண் உழவருக்கு முழுதாகப் பயன்படும்.

நம் செம்மண் காடுகளுக்கு இதன் பொருள்

தருமபுரி, கிருஷ்ணகிரி, வேலூர்ப் பக்கத்து மானாவாரிச் செம்மண்ணில் நிலக்கடலைக்கு நடுவே துவரை வரிசை போடுவது பழைய வழக்கம். கடலை முந்தி அறுவடையாகும், துவரை நின்று பின்மழையில் காய்க்கும். மழை பொய்த்தால் ஒன்றாவது தேறும் என்ற பாதுகாப்பும் உண்டு. படான்செரு ஆய்வைப் படித்தபின் இந்தச் சேர்க்கையில் இன்னொரு நியாயமும் தெரிகிறது. இரண்டு பயிரும் இரும்போடு சேர்ந்த மணிச்சத்தை இரண்டு வெவ்வேறு வழிகளில் எடுக்கின்றன. சோளத்தோடு துவரை சேரும் தக்காண வழக்கத்தைப் பற்றி நோரிஹாரு ஏ குழுவினரே எழுதினார்கள். சோளம் எளிதில் கரைவதை எடுத்துக்கொள்ள, துவரை சோளத்துக்கு எட்டாததை எடுக்கிறது. போட்டி குறைகிறது.

அடுத்த பயிருக்கும் பங்கு கிடைக்கிறது. காய் முற்றும் காலத்தில் துவரங்காட்டுக்குள் நடந்தால் காலடியில் மஞ்சள் இலை மெத்தென்று கிடக்கும். இரும்பிடமிருந்து வாங்கிய மணிச்சத்து இப்போது இலைச்சருகாக, மட்கக்கூடிய வடிவில் மேல்மண்ணுக்கு வந்துவிட்டது. தழைச்சத்தும் கூடவே வருகிறது. துவரைக்குப் பின் விதைத்த மக்காச்சோளத்துக்கு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 40 கிலோ தழைச்சத்து இட்டதற்கு ஈடான பயன் கிடைத்ததாக இக்ரிசாட் சோதனைகள் 1980களிலேயே காட்டின.

இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். துவரைக்கு மணிச்சத்து உரமே வேண்டாம் என்று இந்த ஆய்விலிருந்து முடிவுகட்டுவது தவறு. தழைச்சத்தைக் காற்றிலிருந்து புதிதாகக் கொண்டுவருகிறது துவரை. மணிச்சத்தை அப்படிக் கொண்டுவருவதில்லை, மண்ணில் ஏற்கெனவே இருப்பதை வெளியே எடுக்கிறது. எடுத்ததில் ஒரு பகுதி பருப்பாகிச் சந்தைக்குப் போய்விடுகிறது. 100 கிராம் துவரையில் ஏறத்தாழ 370 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருக்கிறது. ஹெக்டேருக்கு 900 கிலோ விளைந்தால் 3.3 கிலோ பாஸ்பரஸ், பாஸ்பரஸை ஆக்சைடாக (P₂O₅) எண்ணும் உரக்கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 7.6 கிலோ மணிச்சத்து, வயலை விட்டுப் போகிறது. துவரைமாரை (காய்ந்த தண்டுகளை) அடுப்புக்கு எடுத்துச் சென்று சாம்பலையும் வேறெங்கோ கொட்டினால் இன்னும் கூடும். மானாவாரித் துவரைக்குத் தமிழ்நாட்டில் ஹெக்டேருக்கு 25 கிலோ மணிச்சத்து பரிந்துரைக்கப்படுகிறது. உரம் வாங்கக் கையில் காசில்லாத ஆண்டில் துவரை தன் வேரை நம்பி ஒரு போகத்தைத் தாங்கிக்கொள்ளும். ஆண்டுதோறும் அதையே நம்பினால் செம்மண்ணின் இருப்பு கரைந்துகொண்டே போகும்.

செய்யக்கூடியது எளிது. பரிந்துரைத்த மணிச்சத்தைத் தூவிவிடாமல் விதை வரிசைக்கு அடியில் இட வேண்டும். தூவியது செம்மண் முழுக்கப் பரவி இரும்போடு சேர்ந்துவிடும், அடியில் இட்டதை இளவேர் சீக்கிரம் எட்டும். முதல் மாதத்து மந்தத்தில் துவரைக்கு அந்தக் கைத்தாங்கல் தேவை, அமிலம் கசியும் அளவுக்கு வேர் பரவ அதற்குக் காலம் வேண்டும். ஊடுபயிராக இருக்கும்போது உரத்தின் பெரும்பங்கைச் சோளத்துக்கோ கம்புக்கோ கொடுக்கலாம், அவற்றுக்கு இரும்பிடம் பேரம் பேசத் தெரியாது. உதிர்ந்த இலையைக் கூட்டி எரிக்காமல் வயலிலேயே உழுதுவிட வேண்டும். துவரைமார் அடுப்பெரித்த சாம்பலைக் குப்பைக்குழியில் சேர்த்து, அதே காட்டுக்குத் திரும்பக் கொண்டுபோய்ப் போட வேண்டும்.